எங்கள் வீட்டுக் காற்றின் பூஜ்ஜியம்

எங்கள் கல்லூரியில் கடைசி வருட ப்ராஜெக்ட்டை யாரும் செய்வதில்லை, வாங்குவார்கள். இதைச் சொன்னால் வெளியாட்கள் வாயைப் பிளப்பார்கள். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படித்தவர்கள் யாரும் பிளக்க மாட்டார்கள். அதற்கென்றே கடைகள் இருக்கின்றன. மாடிப்படி ஏறிப் போனால் ஒரு ஏசி அறை, ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் டை கட்டிய ஓர் ஆள். பார்வையில்லாதவர்களுக்கு ஊன்றுகோல், கை காட்டினால் திறக்கும் குப்பைத்தொட்டி, முகம் பார்த்து அட்டெண்டன்ஸ் போடும் கேமரா, எது வேண்டுமோ அது அட்டைப்பெட்டியில் வரும். கூடவே ப்ரோக்ராம், பிபிடி, ரிப்போர்ட், வைவாவில் என்ன கேட்பார்கள், அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளும் வரும். நாம் செய்ய வேண்டியது அதை மனப்பாடம் செய்வது மட்டும்தான்.

நானும் என் தோழியும் அப்படி ஒரு கடைக்குப் போனோம். அவள் வண்ணாரப்பேட்டைக்காரி. அவள் அத்தா பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரம் செய்கிறார். முதல் வருடத்திலிருந்து நானும் அவளும்தான் ஒரே பெஞ்சு, ஒரே பேட்ச். டை கட்டியவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கேர்ள்ஸா? அப்போ ஈஸியா ஒண்ணு தரேன், குப்பைத்தொட்டி எடுத்துக்கோங்க" என்றார்.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். அந்தக் குப்பைத்தொட்டி போன வருடமும் எங்கள் துறையில் திறந்து மூடியது, அதற்கு முந்தின வருடமும் திறந்து மூடியது. "அத்த நீயே வெச்சுக்கோ, உனக்குத்தான் தேவைப்படும்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியிறங்கி வந்துவிட்டேன்.

தோழி பின்னாலேயே ஓடி வந்தாள். "யா அல்லா, உனக்கு இன்னாடி ஆச்சு? இப்போ ப்ராஜெக்ட்டுக்கு இன்னா பண்றது?"

"செய்யலாம்டி."

"யாரு?"

"நாமதான். இன்ஜினியரிங் தானே படிக்கிறோம்?"

அவள் நடுத்தெருவில் நின்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் என்ன செய்யப் போகிறேன் என்பது படியிறங்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவின் ஜன்னலுக்கு ஏதாவது செய்ய வேண்டும்.

அந்த ஜன்னலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு எண்ணூரில், ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில். ஒரு அறை, ஒரு சமையல் இடம். அம்மா தையல்காரி. சுற்றுவட்டாரத்தில் ரவிக்கை தைக்க வேண்டுமென்றால் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். வீட்டில் இருப்பது ஒரே ஜன்னல், அதன் ஓரத்தில்தான் அவள் மிஷின். ஜன்னலைச் சாத்தினால் இருட்டு, புழுக்கம், கறுப்புத் துணியில் கறுப்பு நூல் கண்ணுக்குத் தெரியாது. திறந்தால் காற்று வரும். காற்று என்று நாங்கள் சொல்வதில் என்னென்ன வருகிறது என்று எங்களுக்குச் சரியாகத் தெரியாது. ஒரு நாள் சாம்பல் வரும், ஜன்னல் கட்டையில் விரலால் கோடு போடலாம். ஒரு நாள் கண்ணைக் கரிக்கிற நெடி வரும். எந்தத் தொழிற்சாலையின் புகைக்குழாயிலிருந்து, எந்தப் பக்கத்திலிருந்து என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

அம்மாவுக்கு வீசிங். நான் பள்ளிக்கூடம் படித்தபோது குளிர்காலத்தில் மட்டும் வந்தது, கல்லூரிக்குப் போனபோது எல்லாக் காலத்திலும் வந்தது. மூச்சை இழுக்கும்போது அவள் தோள்கள் இரண்டும் காது வரைக்கும் ஏறும். அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை விடக் கொடுமை ஒன்றும் கிடையாது. டாக்டர் மருந்தும் வாயில் வைத்து அடிக்கிற பம்பும் எழுதிக் கொடுத்துவிட்டு, காற்று மோசமாக இருக்கும்போது ஜன்னலைச் சாத்தி வையுங்கள் என்றார். முடிந்தால் கொஞ்ச காலம் வேறு எங்கேயாவது போய் இருங்கள் என்றும் சொன்னார். பெரியம்மா வீடு செங்கல்பட்டுப் பக்கம் இருக்கிறது. "அங்க போய் இன்னா பண்றது, மாட்டுக்கு ரவிக்கை தைக்கிறதா?" என்றாள் அம்மா. நைனா, என் அப்பா, கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுகிறவர், பாதி நாள் துறைமுகத்து கேட்டில் வரிசையில் நிற்பவர். "நான் பொறந்து வளந்த காத்து. அத்த இன்னா கொற சொல்றான் அந்த டாக்டரு?" என்று கேட்டார். பேச்சு அதோடு நின்றுபோனது.

ஆக, காற்று எப்போது மோசம் என்று தெரிந்தால் போதும். அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? நெடி மூக்கில் ஏறினால் தெரியும். நெடி ஏறும்போது மூச்சு இழுக்க ஆரம்பித்திருக்கும். அப்புறம் ஜன்னலைச் சாத்தி என்ன பிரயோசனம்? மூக்குக்கு முன்னாலேயே சொல்கிற ஒரு பெட்டி வேண்டும். பச்சை எரிந்தால் ஜன்னலைத் திறக்கலாம், சிவப்பு எரிந்தால் சாத்த வேண்டும். அவ்வளவுதான் என் ப்ராஜெக்ட்.

நான்கு வருடம் படித்த படிப்பு இதில் எதற்கும் உதவவில்லை என்று சொன்னால் என் ஆசிரியர்கள் வருத்தப்படுவார்கள், படட்டும். ப்ரோக்ராமைத் தாளில் எழுதி, ஸ்கேல் வைத்து அதைச் சுற்றிக் கட்டம் போட்டு, அவுட்புட்டையும் கையாலேயே எழுதிப் பாஸ் செய்தவர்கள் நாங்கள். மைக்ரோப்ராசஸர் லேபில் ஒரு கருவியைச் சுற்றி ஆறேழு பேர் நிற்போம், தொடுவது ஒருவர்தான். அதனால் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டோம். காற்றில் வாயு கலந்திருந்தால் கண்டுபிடிக்கிற ஒரு சென்சார், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு திரை, மூன்று விளக்குகள். எல்லாவற்றையும் தோழி வீட்டு மொட்டைமாடி அறையில் வைத்து ஒட்டினோம். அவள் அத்தா கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்தார், முறுக்கு போட்டு வைக்கிற டப்பா. அதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

அந்தச் சென்சாருக்கு ஒரு குணம் உண்டு. அதற்குத் தானாக எதுவும் தெரியாது. இதுதான் சுத்தமான காற்று என்று முதலில் நாம் அதற்குக் காட்ட வேண்டும். ஒரு நாள் முழுக்கக் கரண்டில் போட்டு வைத்து, பிறகு அது காட்டுகிற அளவைப் பூஜ்ஜியம் என்று ப்ரோக்ராமில் எழுதிவிட வேண்டும். அதற்கப்புறம் எந்தக் காற்றைக் காட்டினாலும் அந்தப் பூஜ்ஜியத்துக்கு மேலே எவ்வளவு என்று சொல்லும். கூட வந்த தாளில் தெளிவாகவே போட்டிருந்தது, சுத்தமான காற்றில் வைத்து அளவெடுக்கவும் என்று.

நாங்களும் அதைத்தான் செய்தோம். பெட்டியை எங்கள் வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டு நல்ல நாளுக்காகக் காத்திருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடல்காற்று வீசியது. நெடி இல்லை, சாம்பல் இல்லை, ஜன்னலில் போட்ட துணி வெள்ளையாகவே காய்ந்தது. அம்மா ஜன்னலில் தலையை நீட்டி மூச்சை இழுத்துப் பார்த்தாள். "இன்னிக்குக் காத்து சூப்பரா கீதுடி. இத்தயே எடுத்துக்கோ" என்றாள். நைனாவும் வந்து மோந்து பார்த்துவிட்டு, "கரீட்டு" என்றார். நான் பூஜ்ஜியம் வைத்தேன்.

பெட்டி வேலை செய்தது! கொசுவத்தியைக் கொளுத்திக் கிட்டே கொண்டுபோனால் சிவப்பு. நெடி வருகிற நாளில் மஞ்சள், பிறகு சிவப்பு. மற்ற நேரமெல்லாம் பச்சை. நாங்கள் குதித்தோம். ஆயுத பூஜை வந்தபோது அம்மா தையல் மிஷினுக்குப் பொட்டு வைத்துவிட்டு டப்பாவுக்கும் ஒரு பொட்டு வைத்தாள். தெருவில் பேர் பரவியது. துணி காயப்போடுவதற்கு முன்னால் பக்கத்து வீட்டு அக்கா எங்கள் ஜன்னலைப் பார்த்து, "அக்கா, லைட்டு இன்னா கலரு?" என்று குரல் கொடுப்பாள். "பச்சைதான், தைரியமா போடு" என்பாள் அம்மா, அவளே கலெக்டர் மாதிரி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தச் சில மாதங்கள் நான் கொஞ்சம் தலைகால் தெரியாமல்தான் திரிந்தேன்.

ஆனால் அம்மாவுக்கு மூச்சு இழுப்பது நிற்கவில்லை.

சிவப்பு எரிந்த நாளில் ஜன்னலைச் சாத்தினாள், சரி. பச்சை எரிந்த நாளில் ஜன்னலை விரியத் திறந்து வைத்துக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தாள், அன்றும் இழுத்தது. ஒருமுறை பட்டப்பகலில், பச்சை எரிந்துகொண்டிருக்கும்போதே, திருவொற்றியூர் க்ளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, முகத்தில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுக்க வேண்டியிருந்தது. திரும்பி வந்ததும் நைனா டப்பாவைப் பார்த்தார். அது பச்சை எரிந்துகொண்டிருந்தது. "காத்து நல்லாத்தானேமே கீது? அப்பால இன்னாத்துக்கு இழுக்குது உனக்கு?" என்றார். அக்கறையோடுதான் கேட்டார். கேள்வி மட்டும் குற்றம் சாட்டுவது போல இருந்தது.

அன்றிலிருந்து காரணம் தேட ஆரம்பித்தோம். துணித் தூசியாக இருக்கும் என்றேன் நான், அம்மா துணி வெட்டும்போது மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டாள். தயிர் என்றார் நைனா, தயிரை விட்டாள். தலைக்குக் குளிப்பதால் என்றாள் பக்கத்து வீட்டு அக்கா, அதையும் குறைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு நாள் பம்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "என் ஒடம்புதான்டி கலீஜு. காத்து பாவம், அது இன்னா பண்ணும்?" என்று சொன்னாள். நான் பம்பை வாங்கி மூடி போட்டு வைத்தேன். 

இரண்டாவது ரிவ்யூ வந்தது. எங்கள் கல்லூரி ஊரின் அந்தக் கோடியில், தாம்பரத்தையும் தாண்டி, ஏரிக்கரையில் இருக்கிறது. விண்ணப்பத்தில் போட்ட வரிசையில் கிடைத்த கல்லூரி அது. தினமும் இரண்டு ரயில் மாறிப் போவேன். அதுவரை டப்பாவைக் கல்லூரிக்குக் கொண்டுபோனதே இல்லை, முதல் ரிவ்யூவில் வெறும் படம் காட்டினால் போதும். அன்றைக்குத்தான் முதல்முறையாக வராந்தாவில் மேஜை மேல் வைத்து ஸ்விட்சைப் போட்டோம். சூடேறும் வரை காத்திருந்தோம். பச்சை எரிந்தது. திரையில் எண்ணுக்கு முன்னால் ஒரு மைனஸ் குறி வந்து நின்றது.

எங்களுக்கு கைடாக இருந்த மேடம் குனிந்து பார்த்தார். "இது என்னம்மா, காத்து மைனஸ்ல எப்படிப் போகும்?"

தோழி என்னைப் பார்த்தாள். நான் ஒயரை அசைத்துப் பார்த்தேன், அணைத்துப் போட்டேன். மைனஸ் அப்படியே நின்றது. சென்சார் பூட்டகேஸ் போல என்று நினைத்தேன்.

"எக்ஸ்டெர்னல் வரும்போது இப்படிக் காட்டுச்சுன்னா மானம் போயிடும்" என்றார் மேடம். "சிம்பிள்மா. ஒரு இஃப் போடுங்க. ஜீரோவுக்குக் கீழே போனா ஜீரோன்னு காட்டச் சொல்லுங்க. முடிஞ்சுது."

தோழி அங்கேயே லேப்டாப்பைத் திறந்து அந்த ஒரு வரியை எழுதினாள். திரையில் மைனஸ் போய்ப் பூஜ்ஜியம் வந்தது. மேடம் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார். மற்ற எல்லாரும் கிளம்பிவிட்டார்கள்.

எனக்கு மட்டும் குடைந்துகொண்டே இருந்தது. இருக்கிற எண்ணைத் துணி போட்டு மூடினால் அது இல்லாமல் போய்விடுமா? தோழியிடம் சண்டை போட்டு அந்த வரியை எடுக்க வைத்தேன். "உன் கூட ஒரே பேஜாருடி" என்று திட்டிக்கொண்டேதான் எடுத்தாள். டப்பாவைப் பவர் பேங்கில் மாட்டி மடியில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். சென்சார் எங்கே பழுது என்று வழியெல்லாம் பார்த்துக்கொண்டே போகலாம் என்பதுதான் எண்ணம்.

பீச் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி ரயிலுக்கு மாறினேன். அதற்குள்ளேயே எண் கொஞ்சம் ஏறியிருந்தது. ராயபுரத்தில் இன்னும் கொஞ்சம். கொருக்குப்பேட்டையில் ரயில் நின்றபோது அது பூஜ்ஜியத்தை நோக்கி நகர்வதைக் கண்ணால் பார்த்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த பூக்காரம்மா வெகு நேரமாக டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாமே அது, முறுக்கு டப்பால லைட்டு?" என்றார்.

"காத்து பாக்குற மெஷின்மா."

"காத்துல பாக்க இன்னா கீது? அது சொம்மாதானே வருது" என்று சிரித்தார்.

நானும் சிரிக்கப் பார்த்தேன். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர். எண் ஏறிக்கொண்டே வந்தது. எண்ணூரில் இறங்கி வீட்டுக்கு நடந்தேன். அன்று நெடி இல்லை, சாம்பல் இல்லை, கடல்காற்று வீசிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்க் கணக்கில் நல்ல நாள். ஜன்னலில் டப்பாவை வைத்தேன். மைனஸ் போய்விட்டது. பூஜ்ஜியம். அழகாகப் பச்சை எரிந்தது.

சென்சாருக்கு ஒன்றும் ஆகவில்லை. சுத்தமான காற்று என்று நாங்கள் அதற்குக் காட்டியதே எங்கள் காற்றைத்தான். பாவம், அது நம்பிவிட்டது. எண்ணூரின் நல்ல நாளைப் பூஜ்ஜியம் என்று எழுதிக்கொண்டு, அதைவிட மோசமானால்தான் வாயைத் திறப்பேன் என்று உட்கார்ந்திருந்தது. கல்லூரியில் ஏரிக்காற்று பட்டதும் அதற்கு எண் போதவில்லை, பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விட்டது.

நான் ஜன்னலடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இதில் இன்னொரு கூத்தும் உண்டு. முதல் வருடத்தில் எங்களுக்குச் சுற்றுச்சூழல் என்று ஒரு பேப்பர் இருந்தது. இன்ஜினியரிங்கில் எல்லாரும் எழுதியே ஆக வேண்டிய, எல்லாரும் பாஸாகிற பேப்பர். காற்று மாசு என்றால் என்ன, காரணங்கள் யாவை, விளைவுகள் யாவை. விளைவுகளில் முதலாவது சுவாச நோய். நான் அதை இதே ஜன்னலடியில் உட்கார்ந்து உருப்போட்டேன். பக்கத்தில் அம்மா இழுத்து இழுத்து மூச்சு வாங்கிக்கொண்டு மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். சத்தம் தொந்தரவாக இருக்கிறதென்று காதைப் பொத்திக்கொண்டு படித்தேன். நல்ல மார்க் வாங்கினேன், தலைப்புக்கெல்லாம் ஸ்கெட்சால் அடிக்கோடு போட்டிருந்தேன். அந்தப் பாடத்தில் சொல்லியிருக்கிற காற்று எங்கள் ஜன்னலுக்கு வெளியே இருக்கிற காற்று என்று எனக்கு உறைக்கவே இல்லை. அது பரீட்சைக் காற்று, இது வீட்டுக் காற்று.

மறுநாள் டப்பாவைக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போய், ஒரு நாள் முழுக்க லேபின் ஜன்னலில் ஏரியைப் பார்த்து வைத்து, புதிதாகப் பூஜ்ஜியம் எடுத்தேன். அதுவும் ஒன்றும் தேன் மாதிரிச் சுத்தமான காற்று இல்லைதான். இருந்தாலும் எங்களுடையதை விடத் தேவலை. விளக்கு எந்த அளவில் மாற வேண்டும் என்று ப்ரோக்ராமில் எழுதியிருந்ததைத் தொடவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினேன்.

மஞ்சள் எரிந்தது. கொஞ்ச நேரத்தில் சிவப்பாகியது. மறுநாள் மஞ்சள், சிவப்பு. அதற்கு மறுநாளும் அதேதான். கடல்காற்று வீசிய நாளில் பச்சை வரும் என்று அம்மா டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், வரவில்லை. ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தாள். பகலிலேயே ட்யூப் லைட்டைப் போட்டுக்கொண்டு, வேர்த்து வழிந்துகொண்டு, தைத்ததைப் பிரித்துப் பிரித்துத் தைத்தாள். "லைட்டு இன்னா கலருக்கா?" என்று வந்த குரலுக்கு, "ரிப்பேரு" என்று பதில் சொன்னாள்.

நைனா கத்தினார். "நல்லா இருந்தத நோண்டி நோண்டிக் கெடுத்துட்டே. எப்பப் பாரு செவப்பு. செவப்பே எரியறதுக்கு ஒரு பொட்டி எதுக்கு? ஒரு செவப்பு பல்பு மாட்டினா போதாது?"

 விஷயத்தை அவர்களிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஃபைனல் வைவா முடியட்டும், முடிந்ததும் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

வைவா முடிந்தது. வெளியிலிருந்து வந்த எக்ஸ்டெர்னல் ரிப்போர்ட்டைக் கையில் எடுத்து, அட்டையில் தங்க எழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்தார், பக்க எண்களைப் பார்த்தார். டப்பா பச்சை எரிந்தது. "குட், குட்" என்றார். சென்சாருக்கு எங்கே வைத்துப் பூஜ்ஜியம் எடுத்தீர்கள் என்று அவர் கேட்பார், சொல்லலாம் என்று எல்லாவற்றையும் நெஞ்சில் கட்டி வைத்திருந்தேன். கேட்கவில்லை. தோழி என் கையைக் கிள்ளி, நாமே சொல்ல வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். எங்களுக்கு அடுத்துக் குப்பைத்தொட்டி வந்தது.

அன்று சீக்கிரமாகவே வீட்டுக்கு வந்துவிட்டேன். மத்தியானம் சாப்பாடு முடிந்த நேரம். அம்மா சாத்திய ஜன்னலடியில் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். டப்பாவை அதன் இடத்தில் வைத்து மாட்டினேன். அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, கல்லூரியில் வந்த மைனஸ், ரயிலில் ஏறிய எண் எல்லாம். "உன் ஒடம்பு கலீஜு இல்லம்மா. தயிரும் இல்ல, தூசியும் இல்ல. காத்துதான். என் பொட்டிதான் உன்கிட்ட பொய் சொல்லிகினு இருந்துச்சு."

சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேனோ, திட்டுவாள் என்று நினைத்தேனோ, தெரியவில்லை. அவள் இரண்டும் செய்யவில்லை. ஊசியைக் கையில் பிடித்தபடியே கேட்டாள்.

"அப்போ பச்சை எரிஞ்சப்பல்லாம் இதே காத்துதானா?"

"இதே காத்துதான்மா."

"அந்த ஞாயித்துக்கிழம? நான் மோந்து பாத்து சூப்பருன்னேனே?"

"அன்னிக்கும்தான்."

அவள் டப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அது சூடேறி மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறியது. "அப்போ ஜன்னல எப்பதான்டி தொறக்கறது?" என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தொறக்காதே! எதுக்குத் தொறக்கணும்? டாக்டர் அன்னிக்கே சொன்னாரில்ல? கெளம்பி பெரியம்மா வூட்டுக்குப் போ. போய் அங்க நல்லா மூச்சு வுடு. ரவிக்கை பெருசா உயிர் பெருசா?"

தெருவுக்கே கேட்டிருக்கும். அம்மா குரலை உயர்த்தவில்லை. அவளுக்கு உயர்த்துகிற அளவுக்கு மூச்சும் இல்லை.

"நான் போறேன். நீ எங்க இருப்பே?"

"இங்கதான். வேலைக்குப் போணும்ல?"

"உங்க நைனா?"

"அவரும் இங்கதான்."

"அப்போ எனக்கு மட்டும்தான் செவப்பா?" என்றாள் அம்மா. "உங்க ரெண்டு பேருக்கும் பச்சை எரியுதாடி?"

நான் அந்தப் பெட்டியை அம்மாவுக்காகச் செய்தேன். அம்மாவின் மூச்சு, அம்மாவின் ஜன்னல், அம்மாவின் நோய் என்றுதான் ஒவ்வொரு ரிவ்யூவிலும் பேசினேன். அதே அறையில், அதே ஜன்னலடியில், பிறந்ததிலிருந்து நானும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது ஒரு தடவை கூட என் புத்தியில் படவில்லை. நைனாவும் அப்படித்தான். அவருக்கும் விடிந்தால் ஒரு இருமல் உண்டு, அதைப் பீடி இருமல் என்று ஒதுக்கியிருந்தோம். பீடியை அவர் எப்போதோ விட்டுவிட்டார். எனக்குப் பயமாக இருந்தது. முதல்முறையாக எனக்காகவும் பயமாக இருந்தது.

எங்கே போவது? மூன்று பேரும் மூட்டை கட்டிக்கொண்டு பெரியம்மா வீட்டு வாசலில் போய் நிற்க முடியுமா? நைனாவின் வண்டி நிற்பது இங்கே. அம்மாவின் ரவிக்கைக்காரர்கள் இருப்பது இங்கே. துணி காயப்போடக் கலர் கேட்கிற அக்காவை எங்கே கூட்டிக்கொண்டு போவது? கேட்டால் பதில் சொல்லத்தான் நான்கு வருடம் பழக்கியிருந்தார்கள். இந்தக் கேள்வி எந்தப் பேப்பரிலும் வந்ததில்லை.

அம்மா நூலை எடுத்து நாக்கில் நனைத்தாள். ஊசிக் காதில் கோர்க்கப் பார்த்தாள், தவறியது. மறுபடியும் பார்த்தாள், தவறியது. "கண்ணே தெரியலடி. தொற" என்றாள்.

டப்பா சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. நான்தான் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டேன்.